பழைய படகு வாங்கப் போறீங்களா? இன்ஜின் சத்தத்தைக் கேட்கும் முன் பின்பலகையைத் தட்டிப் பாருங்க!

பழைய ஃபைபர் படகை விற்பவர், வாங்க வந்தவரிடம் முதலில் இன்ஜினைத்தான் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார். ஒரே இழுப்பில் அது 'டபடப'வென்று பிடித்துக்கொண்டால் வாங்க வந்தவர் முகம் மலர்ந்துவிடும். பேரம் அங்கேயே பாதி முடிந்த மாதிரிதான்.

முதல் தடவை படகு வாங்குபவர்கள் ஏமாறுவதும் அந்த இடத்தில்தான். இன்ஜின் கெட்டால் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். வேறு இன்ஜின் வாங்கிக்கூட மாட்டலாம். படகின் உடம்பே கெட்டிருந்தால் அதைக் கழற்றி மாற்ற வழியில்லை. கரையில் நிற்கும்போது அது நல்ல படகு மாதிரியே இருக்கும். அலை அடிக்கும்போதுதான் அதன் வயசு தெரியும்.

பழவேற்காட்டிலிருந்து குளச்சல் வரை தமிழகக் கரையோர ஊர்களில் இது பழகிய கதை. அடுத்தவர் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்த இளைஞருக்கு, 'நமக்குன்னு ஒரு படகு' என்ற ஆசை வரும். புதுப் படகு, புது இன்ஜின், வலை என்று கூட்டிப் பார்த்தால் பல லட்சம் வந்து நிற்கும். அதனால் பழைய படகைத் தேடுவார். அம்மாவின் நகை அடகுக்குப் போகும், மனைவி பெயரில் குழுக்கடன் எடுப்பார்கள், மாமனார் கொஞ்சம் கைமாற்று தருவார். ஆக, ஒரு படகுக்குப் பின்னால் மூன்று குடும்பங்களின் பணம் இருக்கும். அதில் ஏறப்போகிற மூன்று நான்கு பேரின் உயிரும் இருக்கிறது. வாங்கும் முன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பதில் தப்பே இல்லை.

ஒரு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில் சிறு படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். 'தடைக்காலத்துக்குள்ள படகு கைக்கு வந்துடணும்' என்ற அவசரத்தில் வாங்குகிறவர்கள்தான் எதையும் பார்க்காமல் வாங்குகிறார்கள். முடிந்தால் இந்த வேலையை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு நாள் மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால், படகு தன் ஓட்டைகளைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

தட்டினால் சொல்லிவிடும்

ஃபைபர் என்று நாம் சொல்வது கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. அதற்கு மேலே வழவழவென்று இருக்கும் நிறப் பூச்சுக்கு ஜெல்கோட் என்று பெயர். ஜெல்கோட் படகின் தோல் மாதிரி. தண்ணீர் உள்ளே இறங்காமல் காப்பது அதுதான். அதில் விரிசல் விழுந்து வெகுநாள் கவனிக்காமல் விட்டால், தண்ணீர் இழைக்குள் இறங்கி அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கும். இது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஆனால் காதுக்குத் தெரியும். ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு, அணியத்திலிருந்து ஒரு சாணுக்கு ஒரு தட்டு வீதம் அமரம் வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கணீரென்று கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் 'பொத்' என்று மந்தமாகக் கேட்கும். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிற அதே காதுதான் இங்கேயும் வேலை செய்கிறது. மந்தமாகக் கேட்கும் இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு வையுங்கள். முடிவில் எத்தனை வட்டம், எவ்வளவு பெரிசு என்று பார்த்தால் பேரம் பேசவும் உதவும், வேண்டாம் என்று திரும்பிவரவும் உதவும்.

மணலில் இழுத்து ஏற்றி இறக்கும் ஊர்ப் படகு என்றால் அடியை விடவே கூடாது. நடுவில் நீளமாக ஓடும் ஏராப் பகுதிதான் மணலில் உரசி உரசித் தேயும். ஜெல்கோட் போய், உள்ளே இருக்கும் இழைநார் வெள்ளையாகத் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். படகைச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். 'அதெல்லாம் பார்க்கணுமா தம்பி, நேத்துதான் வேலை பார்த்தோம்' என்று சொன்னால் இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும்.

புதுப் பெயின்ட்டும் அப்படித்தான். விற்பதற்காகப் பெயின்ட் அடிப்பது ஊர் உலகத்தில் நடப்பதுதான், அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வெளியே பளபளவென்றும் உள்ளே பழசாகவும் இருக்கும் படகின் உட்பக்கத்தைப் பாருங்கள். வெளியே ஒட்டுப் போட்டுப் பூசி மறைத்தாலும், உட்பக்கம் அதே இடத்தில் தடிப்போ, நிறம் மாறிய பாயோ தெரியும்.

இப்போது முக்கியமான இடம். இன்ஜின் மாட்டியிருக்கும் பின்பலகை. பெரும்பாலான படகுகளில் இது வெறும் ஃபைபர் கிடையாது. உள்ளே மரப்பலகையோ ப்ளைவுட்டோ வைத்து மேலே ஃபைபர் சுற்றியிருப்பார்கள். இன்ஜினின் கனமும் அதன் தள்ளு விசையும் முழுக்க இந்தப் பலகை மேல்தான் இறங்குகிறது. இன்ஜினை மாட்டப் போட்ட போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் கசிந்து உள்ளே போனால் மரம் மெதுவாக உளுத்துப்போகும். மேலே ஃபைபர் கல் மாதிரி இருக்க, உள்ளே மரம் ஊறிய ரஸ்க் மாதிரி ஆகியிருக்கும்.

சோதிப்பது சுலபம். இன்ஜினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து, உடம்பு பலத்தைக் கொடுத்து மேலும் கீழும் அசையுங்கள். இன்னொருவர் பலகையைக் கவனிக்கட்டும். இன்ஜின் அசையலாம். பலகை வளைந்து கொடுத்தாலோ, ஓரங்களில் முடிவிரிசல் திறந்து மூடினாலோ விற்பவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பலாம். ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஓட்டையிலிருந்து கறுப்பான தண்ணீர் வடிந்தாலும், மெல்லிய கம்பியை விட்டால் மரம் 'சதக்' என்று இறங்கினாலும் விஷயம் முடிந்தது. பின்பலகையைப் புதிதாகச் செய்யலாம்தான். ஆனால் அது பழைய படகின் விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் வேலை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரைக்கு ஃபைபர் படகுகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. நிவாரணமாகக் கொடுக்க வேண்டிய அவசரத்தில் கட்டப்பட்டவை பல. எல்லாமே மோசம் என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிதாகவும் ரெசின் இழுக்கப்பட்ட படகுகளும் அதில் இருந்தன. 20 வருஷம் தாண்டிய படகு என்றால் யார் கட்டியது, எந்த யார்டு என்று ஊரில் பெரியவர்களிடம் விசாரிப்பது நல்லது. படகைப் பற்றி அதன் சொந்தக்காரரைவிடப் பக்கத்துப் படகுக்காரருக்குத்தான் அதிகம் தெரியும்!

மிதவைப் பெட்டிகளையும் மறக்க வேண்டாம். கவிழ்ந்தாலும் படகு மூழ்காமல் இருக்க, அணியத்திலும் பக்கவாட்டிலும் மூடிய அறைகள் வைத்து உள்ளே ஃபோம் நிரப்பியிருப்பார்கள். அறையில் விரிசல் விழுந்தால் வருஷக்கணக்கில் தண்ணீர் ஊறும். 100 லிட்டர் தண்ணீர் ஊறியிருந்தால் 100 கிலோவுக்கு மேல் சும்மாவே சுமந்துகொண்டு போகிறீர்கள். டீசல் அதிகம் குடிக்கும், படகு தாழ்ந்து ஓடும், கவிழ்ந்தால் தூக்கிப் பிடிக்க வேண்டிய ஃபோமே கீழே இழுக்கும். வழக்கமாக நான்கு பேர் தள்ளும் படகுக்கு ஆறு பேர் தேவைப்பட்டால் காரணம் இங்கேதான் இருக்கும்.

இன்ஜினைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க

நாகை, கடலூர் பக்கம் நீளமான தண்டோடு இருக்கும் டீசல் இன்ஜின் அதிகம். குமரிப் பக்கம் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு மோட்டார் அதிகம். எதுவானாலும் முதல் சோதனை ஒன்றுதான். நீங்கள் போய்ச் சேரும்போது இன்ஜின் சூடாக இருக்கிறதா? இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு டீ குடித்துவிட்டு, முழுசாக ஆறிய பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். சூடான இன்ஜின் எல்லோருக்கும் சொன்னபடி கேட்கும். ஆறிய இன்ஜின்தான் உண்மை பேசும்.

டீசலில் புகையைக் கவனியுங்கள். ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் புகை வருவது சகஜம். ஓட ஓட நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது. கறும்புகை என்றால் டீசல் முழுசாக எரியவில்லை. இன்ஜெக்டரோ காற்று வடிகட்டியோ காரணமாக இருக்கலாம், சுமை அதிகமாகவும் இருக்கலாம். இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டில் ஆயில் கலந்துதான் எரிகிறது என்பதால் லேசான நீலப் புகையைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

தண்ணீரால் குளிரும் அவுட்போர்டைக் கரையில் வறட்டு ஓட்டமாக ஓட்டவே கூடாது. உள்ளே தண்ணீர் இழுக்கும் இம்பெல்லர் ரப்பரால் ஆனது. தண்ணீர் இல்லாமல் சுற்றினால் கொஞ்ச நேரத்திலேயே தீய்ந்துவிடும். பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் கீழ்ப்பகுதியை இறக்கித்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது பின்பக்கச் சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் விடாமல் பீய்ச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது, அல்லது உள்ளே உப்பு அடைத்திருக்கிறது. முதலாவது சின்னச் செலவு. இரண்டாவது பெரிய தலைவலி.

கீழ்ப்பகுதியில் இருக்கும் கியர் ஆயில் திருகாணியைக் கொஞ்சமாகத் தளர்த்தி, நாலு சொட்டு ஆயிலை விரலில் எடுத்துப் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் உள்ளே கடல் தண்ணீர் போயிருக்கிறது. இதற்குப் பல நேரம் காரணம் வலை நூல்தான். அறுந்த நைலான் நூல் புரொப்பல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு, சுழலச் சுழல ஆயில் சீலை அறுத்துவிடும். மீன்பிடிப் படகு இன்ஜினில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சீல் மலிவு. ஆனால் உப்புத் தண்ணீரில் ஊறிய கியர் மலிவு இல்லை. படகை வாங்கிய பிறகும் மாதம் ஒரு முறை புரொப்பல்லரைக் கழற்றி நூல் சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பத்து நிமிஷ வேலை.

நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போய் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்வது உத்தமம். அவருக்குக் கொடுக்கும் கூலி, பின்னால் வரப்போகும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. விற்பவரே 'நம்ம ஆளு' என்று கூட்டிவரும் மெக்கானிக் வேண்டாம்.

பேப்பர் இருக்கிறதா, கடன் இருக்கிறதா?

தமிழ்நாட்டில் மீன்பிடிப் படகுகளைக் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 1983-ன் கீழ் மீன்வளத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பதிவுச் சான்றில் இருக்கும் எண்ணும் படகின் இரு பக்கமும் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றா, சான்றில் இருக்கும் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டு கை மாறிய படகு இன்னும் முதல் சொந்தக்காரர் பெயரிலேயே இருப்பதுண்டு. பணத்தைக் கொடுத்துவிட்டு 'பேர் மாத்துறது அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டால், அந்த அப்புறம் வரவே வராது.

பேப்பர் இல்லாத படகு மலிவாகத்தான் கிடைக்கும். வரிவிலக்கு டீசல் பதிவு செய்த படகுக்குத்தான். புயலில் படகு சேதமாகி நிவாரணம் கேட்கப் போனாலும் முதலில் கேட்பது பதிவு எண்ணைத்தான். கடலில் கடலோரக் காவல் குழுமமோ கடலோரக் காவல் படையோ நிறுத்தினாலும் அதேதான். மலிவு என்று நினைத்தது இங்கெல்லாம் திரும்பி வந்து கடிக்கும்.

இன்ஜினுக்கு ஒரு தனி எண் இருக்கும். அந்தத் தகட்டைச் சுரண்டியோ பிய்த்தோ எடுத்திருந்தால் அந்த இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வேண்டாம்.

ஊரில் மட்டும் விசாரித்தால் தெரியும் விஷயம் ஒன்று உண்டு. பல படகுகள் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கும். அந்தக் கடன் தீரும்வரை பிடிக்கிற மீனை அந்த வியாபாரியிடம்தான் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. படகு கைமாறினால் அந்தக் கடன் யாருடையது? இதை எந்தச் சான்றிதழும் சொல்லாது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் 'இந்தப் படகு மேல் யாருக்கும் பாக்கி இல்லை' என்று எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழி.

கையில் இருப்பதை முழுசாகக் கொடுக்காதீங்க

உங்களிடம் இரண்டு லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சத்துக்குப் படகு தேடக் கூடாது. ஒன்றரை லட்சத்துக்குத்தான் தேட வேண்டும். மீதி ஐம்பதாயிரம் முதல் வருஷத்துக்கு. அது செலவாகாது என்று யாராவது சொன்னால் அவர் பழைய படகு வாங்கியதில்லை என்று அர்த்தம்.

இதைப் பல வீடுகளில் பெண்கள்தான் சரியாகக் கணக்குப் பார்க்கிறார்கள். குழுக்கடன் தவணை மாதாமாதம் வந்து நிற்கும். படகு இரண்டு வாரம் ரிப்பேரில் நின்றாலும் தவணை நிற்காது. ஆகவே படகு வாங்கும் பேச்சில் 'முதல் மூணு மாசம் படகு சரியா ஓடலைன்னா தவணை எங்கேருந்து?' என்ற கேள்வியைக் கேட்கும் அம்மாவையோ மனைவியையோ அபசகுனமாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். படகோடு ஒரு நோட்டையும் தொடங்கி அவர்கள் கையில் கொடுப்பது இன்னும் நல்லது. என்றைக்கு ஆயில் மாற்றியது, எவ்வளவு டீசல் போட்டது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று நாலு வரி எழுதினால் போதும். ஒரே தூரத்துக்கு டீசல் கூடிக்கொண்டே போனால் ஏதோ கோளாறு வரப்போகிறது என்று நோட்டு முன்கூட்டியே சொல்லிவிடும்.

வாங்கிய மறுநாளே கடலுக்குப் போக மனசு துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் மாற்ற வேண்டியவை சில உண்டு. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், எரிபொருள் வடிகட்டி, இம்பெல்லர், பெட்ரோல் மோட்டார் என்றால் ஸ்பார்க் பிளக். எரிபொருள் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் குழாயையும் கிளிப்பையும் சேர்த்து மாற்றுங்கள். முன்பு இருந்தவர் எப்போது மாற்றினார் என்று ஆராய வேண்டாம். எல்லாவற்றையும் இன்றைய தேதியில் தொடங்கினால் கணக்கு சுலபம்.

டேங்கில் இருக்கும் பழைய எரிபொருளை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கும். இன்ஜின் நடுக்கடலில் நிற்பதற்கு எரிபொருளில் கலந்த தண்ணீரும் அழுக்கும் முக்கியக் காரணம். அதைக் கண்டுபிடிக்க ஒரு காலி பாட்டில் போதும் என்பது எவ்வளவு ஆறுதல்!

இன்ஜினின் அலுமினிய உடம்பில் ஒரு துத்தநாகக் கட்டி மாட்டியிருப்பார்கள். உப்புத் தண்ணீர் உலோகத்தை அரிக்கும்போது, முதலில் தன்னைக் கொடுத்து இன்ஜினைக் காப்பாற்றுவது அந்தக் கட்டிதான். பாதி கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். அழகுக்காக அதன் மேலும் சேர்த்துப் பெயின்ட் அடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது.

ஃபைபர் ஒட்டு வேலையைச் சொந்தமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விரிசல் மேல் அப்படியே பாயை வைத்து ரெசின் தடவினால் கொஞ்ச நாளில் தோல் உரிவது போல உரிந்துவரும். பெயின்ட்டையும் கெட்ட இழையையும் தேய்த்து எடுத்து, பள்ளத்தின் ஓரத்தைச் சரிவாக்க வேண்டும். படகின் தடிமன் 6 மில்லிமீட்டர் என்றால் அதைப் போல் 12 மடங்கு, அதாவது சுற்றிலும் 7 சென்டிமீட்டர் அளவுக்குச் சரிவு வேண்டும். நல்ல தண்ணீரில் கழுவி உப்பை எடுத்து, முழுசாகக் காய்ந்த பிறகுதான் ரெசின். ஈரத்தில் ரெசின் பிடிக்காது. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் ஃபைபர் தூசியில் உட்காராதீர்கள். அந்த அரிப்பு ஒரு பக்கம், நுரையீரலுக்குள் போவது இன்னொரு பக்கம்.

முதல் மாதம் கரை கண்ணில் தெரியட்டும்

பழைய படகு உங்களுக்குப் புதுசு. அதன் குணம் உங்களுக்குத் தெரியாது. அதனால் முதல் சில பாடுகளுக்குக் கரை கண்ணில் தெரியும் தூரம் போதும். அதுவும் இன்னொரு படகோடு சேர்ந்து போங்கள். மீன் குறைவாகத்தான் கிடைக்கும். அந்த நஷ்டத்தை முதல் வருஷச் செலவில் எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் எத்தனை வாளி தண்ணீர் இறைத்தீர்கள் என்று எண்ணுங்கள். மேலிருந்து தெறித்த தண்ணீர் ஒரு அளவுதான் இருக்கும். அலையில்லாத நாளிலும் வாளி எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், தண்ணீர் கீழிருந்து வருகிறது. போல்ட் ஓட்டை, வடிகால் அடைப்பான், ஏரா என்று தேட ஆரம்பிக்க வேண்டியதுதான்.

டீசலுக்குப் பழைய கடலோடிகள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கைவசம் ஒரு பங்கு. காற்றும் நீரோட்டமும் எதிராகத் திரும்பினால் வரும் பயணம் போன பயணத்தைப் போல் இருக்காது. இன்ஜினை முழு வேகத்தில் விரட்டுவதும் வேண்டாம். இதுபோன்ற படகுகளில் சுழற்சி வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே அதே தூரத்துக்கு எரிபொருள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மிச்சமாகும். பத்து நிமிஷம் தாமதமாகக் கரை சேர்வது அவ்வளவு பெரிய விஷயமா?

மண்ணெண்ணெய் மோட்டாருக்குப் புதியவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த முறை ஸ்டார்ட் ஆகப் படுத்தும். அந்த 'அடுத்த முறை' வலையை இழுத்த பிறகு நடுக்கடலில் வரும்.

மோட்டாரில் சுருள் கயிறு மாதிரி ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். அதன் ஒரு முனையை ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறிக் கடலில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு மோட்டார் நின்றுவிடும். ஆள் இல்லாத படகு வட்டமடித்துத் திரும்பி வந்து, விழுந்தவர் மேலேயே ஏறும் ஆபத்தைத் தடுப்பது இதுதான். பழைய மோட்டாரில் இந்தக் கயிறு பெரும்பாலும் தொலைந்திருக்கும், அதற்குப் பதில் ஏதாவது கம்பியைச் செருகியிருப்பார்கள். புதுக் கயிறு வாங்குங்கள்.

லைஃப் ஜாக்கெட் பேச்சு வந்தால் 'நீச்சல் தெரியாதவனா நான்?' என்று கேட்காத மீனவர் குறைவு. நீச்சல் தெரிவது வேறு, இரவு முழுக்கத் தண்ணீரில் மிதப்பது வேறு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரிக் கடலில் உயிரிழந்தவர்கள் நீச்சல் தெரியாதவர்கள் அல்லர். ஏறுகிற ஆள் எண்ணிக்கைக்கு ஜாக்கெட் இருக்க வேண்டும். பெட்டிக்குள் கட்டிவைத்தால் கவிழும்போது கைக்கு எட்டாது.

இவற்றோடு நங்கூரமும் போதிய நீளத்துக்குக் கயிறும், இரண்டு துடுப்பும், டார்ச்சும், குடிதண்ணீரும் கட்டாயம். இன்ஜின் நின்ற படகை அலை உடையும் இடத்துக்குப் போகவிடாமல் பிடித்து நிறுத்துவது நங்கூரம்தான். வி.எச்.எஃப் கருவி இருந்தால் 16-வது சேனல் ஆபத்து அழைப்புக்கானது. இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து எச்சரிக்கைக் கருவி, செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பும். கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவலின் 1093 என்ற இரண்டு எண்களையும் படகின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதிவையுங்கள். அவை போனில் மட்டும் இருந்தால், போன் நனைந்ததும் எண்ணும் போய்விடும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்தைத் தாண்டினால் அவர் யாரை அழைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

உப்பும் வெயிலும்

கடலுக்குப் போய் வந்த அலுப்பில் இன்ஜினை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகத்தான் தோன்றும். தண்ணீரால் குளிரும் மோட்டாரை நல்ல தண்ணீர் டிரம்மில் பத்து நிமிஷம் ஓட்டி உள்ளே இருக்கும் உப்பைக் கழுவி எடுத்தால் அதன் ஆயுள் பல வருஷம் கூடும். கரையில் நல்ல தண்ணீருக்கே பஞ்சம் என்பதும் உண்மைதான். நான்கைந்து படகுக்காரர்கள் சேர்ந்து ஒரு டிரம் வைத்துக்கொண்டால் செலவு பிரிந்துவிடும். டிரம் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாலாவது மோட்டார் மறுபடி உப்புத் தண்ணீரில்தான் குளிக்கும்.

பெரிய இன்ஜின் ஆசையும் சீக்கிரமே வரும். பக்கத்துப் படகு முந்திப் போகும்போது வருகிற ஆசை அது. படகு எத்தனை குதிரைத் திறனுக்குக் கட்டப்பட்டதோ அதற்கு மேல் மாட்டினால், அடி வாங்குவது பழைய பின்பலகைதான். ஏற்கெனவே 15, 20 வருஷம் உழைத்த பலகை அது.

வாடைக் காற்றில் கடலுக்குப் போக முடியாத நாட்களில் படகை மேட்டில் ஏற்றி, அணியத்தைக் கொஞ்சம் உயர்த்தி, வடிகால் அடைப்பானைக் கழற்றி வையுங்கள். மழைத் தண்ணீர் தானாக வடிந்துவிடும். தார்ப்பாய் போர்த்தும்போது படகோடு ஒட்டாமல் கீழே காற்றுப் போக இடம் விடுங்கள். மோட்டாரைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் அதைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும், உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். கழற்றிய அடைப்பானை மோட்டாரிலேயே ஒரு நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். மறுபடி கடலில் இறக்கும் அன்று காலை இருட்டில் அதைத் தேட வேண்டியிருக்காது.